சோளத்தின் வக்கீல்

4 டிசம்பர் 1988

காலையில் ஓர் எருமைக்குப் பிரசவம். கன்றின் முன்னங்கால் மடங்கிக்கொண்டு, வெளியே வரமாட்டேன் என்று அடம். முழங்கைவரை கையை விட்டு நிமிர்த்தி இழுத்தேன். தாயும் கன்றும் நலம், என் சட்டைதான் நாசம். "டாக்டரு கை வெச்சா எமனே திரும்பிப் பூடுவான்" என்றார் எருமைக்காரர்.

நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். டாக்டர் கள்ளக்குறிச்சியில் இருக்கிறார். ஆனால் கச்சிராயபாளையம் வட்டாரம் முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. நான் திருத்துவதில்லை. வீட்டில் மனைவி பாத்திமா மட்டும் "இன்ஸ்பெக்டர் சார், சோறு ஆறுது" என்பாள்.

5 டிசம்பர்

மேரி கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். பெட்டியில் அழுக்குத் துணி இருக்கும், துவைக்கலாம் என்று பாத்திமா திறந்தால், உள்ளே மூடி போட்ட கண்ணாடி பாட்டில்களும் ஒரு கட்டு மஞ்சள் தாளும். "ரெண்டு பாவாடை எடுத்துக்கினு வர இடமில்ல, பாட்டிலுக்கு இடமிருக்குது" என்று அரை மணி நேரம் பாட்டு வாங்கினாள் என் மகள்.

வேளாண்மைக் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள், முனைவர் பட்டத்துக்கு. என் அப்பா சவரிமுத்து கடைசிவரை கரும்பு வெட்டப் போனவர். நான் பள்ளிப் படிப்போடு ஒரு வருடப் பயிற்சி. இவள் டாக்டர் ஆகப் போகிறாள் — நிஜ டாக்டர். டீக்கடையில் இன்று இதைச் சொன்னேன். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

ஒரே ஓர் உறுத்தல். அவள் ஆராய்வது சோளத்தின் விஷத்தை. அதைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் வரும் பிரியம் எனக்குப் பிடிக்கவில்லை.

7 டிசம்பர்

சோளம் என் எதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கொல்லையில் இளஞ்சோளத்தை மேய்ந்த மாடுகள் வரிசையாக விழுந்தன. உடம்பு நடுங்கி, நுரை தள்ளி, நான் பையைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு ஒரு மாட்டைக்கூட நான் சோளத்துக்குக் கொடுத்ததில்லை. எங்கே சோளம் முளைத்தாலும் முதல் ஆளாகப் போய் "மாட்டைக் கட்டு" என்று கத்துவேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இன்று மேரியோடு அவளுடைய பயிரைப் பார்க்கப் போனேன். மலையடிவாரத்தில் பொன்னுரங்கம் தந்த கால் ஏக்கர். "டாக்டரு பொண்ணு படிக்கறதுக்கு நான் இன்னாத்த வாங்கிக்கறது" என்று சும்மாவே கொடுத்தார், நல்ல மனிதர். ஒரு பாதியில் மலைச்சோளம். கல்வராயன் மலைமேல் கரியாலூரில் செவ்வந்தி என்ற அம்மாள் கொடுத்த விதை. மறுபாதியில் கல்லூரியில் விஷத்தைக் குறைத்து உருவாக்கிய சோளம். ஆகா, இதைத்தானே இத்தனை வருடமாகக் கேட்டேன் என்று அந்தப் பாதிக்குத்தான் நான் முதலில் போனேன்.

இலையே இல்லை. வெட்டுக்கிளி நடுநரம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தின்றிருந்தது. பக்கத்திலேயே மலைச்சோளம் கம்பீரமாக நிற்கிறது. அங்கங்கே ஒரு கடி, அவ்வளவுதான். கடித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போயிருக்கின்றன.

மேரி சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். "முழு இலையில விஷம் வெளியவே வராதுப்பா. சர்க்கரையோட சேத்துக் கட்டிப் போட்டு ஒரு பக்கம் வெச்சிருக்கு. அந்தக் கட்டை அவுக்கற பொருள இன்னொரு பக்கம் வெச்சிருக்கு. பூச்சி கடிச்சி மென்னாதான் ரெண்டும் ஒண்ணா சேரும். அப்பதான் சயனைடு."

"கடிக்கலேன்னா?"

"அது பாட்டுக்கு நிக்கும்."

வீட்டில் இதைக் கேட்ட பாத்திமா, "சீண்டுனாதான் கோவம் வரும். அப்பிடியே உங்கப்பா" என்றாள்.

நான் விடவில்லை. மாட்டைக் கொல்வதற்குப் பெயர் தற்காப்பா என்றேன். "ஓட முடியாது, கையை ஓங்க முடியாது, வேற என்னப்பா பண்ணும்? பூச்சிக்கு வெச்சது. மாடு நடுவுல வந்து விழுது. குருத்துலதான் ஜாஸ்தி, அப்பதான அதுக்கு உயிர் பயம். வளர வளரக் கம்மியாயிடும்."

சோளத்துக்கு வக்கீல் கிடைத்துவிட்டது. அதுவும் என் செலவில் படித்த வக்கீல்.

11 டிசம்பர்

மேரி திரும்பிப் போனாள். மாசியில் கதிர் முற்றி விதை கைக்கு வந்தால்தான் மூன்று வருட வேலை முடியுமாம். அதுவரை பயிருக்குக் காவல் நான். எதிரிக்குக் காவல்!

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். மேரிக்கு லீவு கிடைக்கவில்லை. பொன்னுரங்கம் வீட்டுக்குக் கேக் கொடுத்தேன். அவர் மனைவி ராஜாம்பாள் தன் பங்கைக் கொண்டுபோய்ச் செவலைப் பசுவுக்கு ஊட்டினாள். சினைமாட்டுக்குக் கேக்கா என்று கத்தினேன். "நல்ல நாளுல அது மட்டும் பார்த்துக்கினு நிக்கணுமா?" என்றாள்.

2 ஜனவரி 1989

மார்கழி பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு தூறல் இல்லை. மலைச்சோளம் மட்டும் அசராமல் பூத்திருக்கிறது. யாரும் பார்க்காதபோது ஒரு கதிரைத் தடவிக் கொடுத்தேன். பாத்திமாவிடம் சொல்லவில்லை.

16 ஜனவரி

நேற்று மாட்டுப் பொங்கல். எழுத இப்போதுதான் கை வந்தது.

பிற்பகல். கொம்புக்கு வர்ணம் அடித்து, பொங்கல் ஊட்டி, மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். பொன்னுரங்கத்தின் கொல்லையில் கார்த்திகையில் அறுத்த தீவனச் சோளத்தின் கட்டைகள் நிற்கின்றன. அதில் துளிர் விட்டிருக்கிறது. வெயிலில் வாடிய துளிர். வருடம் முழுக்கக் காய்ந்த தட்டையைத் தின்ற மாடு, நல்ல நாளில் பச்சை மேயட்டும் என்று மாடுகளை அங்கே விட்டிருக்கிறாள் ராஜாம்பாள்.

ஆள் ஓடி வந்தபோது நானும் பொங்கலுக்கு வந்திருந்த மேரியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கை கழுவவில்லை. போய்ப் பார்த்தால் செவலை போய்விட்டது. மாலையோடு, வர்ணம் காயாத கொம்போடு. அதன் கிடாரி விழுந்து கிடக்கிறது, இன்னும் சில மாடுகள் தள்ளாடுகின்றன. என்னிடம் இருந்த மருந்து கிடாரிக்கு மட்டும்தான் போதும். நரம்பில் ஏற்றினேன். மற்றவற்றுக்கு?

ஹைப்போ! மாற்று மருந்து அதேதான், போட்டோ கழுவ வைத்திருப்பார்களே, அதே உப்பு. மேரி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ காசிநாதனிடம் பறந்தாள். அவர் பொங்கல் என்றும் பார்க்காமல் கடையைத் திறந்து டப்பாவோடு வந்தார். தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயில் ஒவ்வொரு மாட்டின் தொண்டையிலும் ஊற்றினோம். காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டி வாயைப் பிடித்தார், மேரி தலையைத் தூக்கினாள், நான் ஊற்றினேன். ஒன்றுகூடப் போகவில்லை. ஒன்றுகூட! கிடாரி எழுந்து நின்று என் மேலேயே சாணி போட்டது. அதைவிட நல்ல பரிசு எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

ஆனால் ராஜாம்பாள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

17 ஜனவரி

பொன்னுரங்கம் இப்படிப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை.

செவலையை அறுத்துப் பார்த்தேன். ரத்தம் பளீரென்ற சிவப்பு. சயனைடுதான், சந்தேகமே இல்லை. வயிற்றில் மென்ற சோளத்தழை. கட்டையில் துளிர்த்ததுதான் கொன்றது என்றேன். அவர் மேரியின் வேலியைக் காட்டினார். ஓரிடத்தில் முள் விலகி, உள்ளே குளம்படி.

"எங்கொல்லையில வெறுங்கட்டதான் இருக்குது, அதுல இன்னா விஷம்? உம் பொண்ணு வெஷத்த வளக்குது. அதைத் தின்னுட்டுதான் என் மாடு செத்துச்சி. நீ பொண்ணுக்காவ மாத்திப் பேசற."

டாக்டரே என்று கூப்பிடுகிற வாய். நீ என்கிறது. நாளைக்கு ஏர் பூட்டி மேரியின் பயிரை உழப் போகிறாராம். அவருடைய நிலம், யார் தடுக்க முடியும்?

திரும்பும்போது காசிநாதன் காதோடு சொன்னார்: "பாம்பு கடிச்சிதுன்னு சொல்லிடுங்க டாக்டரே. மனுஷன் அடங்கிடுவாரு, பாப்பா பயிரும் நிக்கும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

பொய் சொல்வதில்லை என்று பெருமை பேசுகிறவன்தான் நான். ஆனாலும் வீடு வரும்வரை பாம்பைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கதிர் பால் பிடித்திருக்கிறது. மூன்று வருட வேலை. ஒரு பாம்பு, அவ்வளவுதானே?

மேரியிடம் சொன்னேன். சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்: "சரிப்பா. அடுத்த மாட்டுப் பொங்கலுக்குப் ராஜாம்பா பெரியம்மா எந்தக் கொல்லையில அவுத்து விடுவாங்க?"

பாம்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

நாளை ஊர் முன்னால் சோதித்துக் காட்டுகிறாளாம். தழையை நறுக்கிப் பாட்டிலில் போட்டு மஞ்சள் தாளைத் தொங்கவிட்டால், விஷம் இருந்தால் தாள் சிவக்கும். உன் பயிருக்குத் தாள் சிவக்காதுதானே என்றேன். "பூத்த பயிர்ல கம்மியாதான் இருக்கணும். ஆனா மழை இல்ல. வாடுனா ஏறும். தெரியலப்பா" என்றாள். தெரியலையா! அப்படியானால் விடிந்ததும் நாமே முதலில் பார்த்துவிடலாமே?

"முன்னாடியே பார்த்துட்டு அவங்கள கூப்பிட்டா, அதுக்குப் பேரு சோதனை இல்ல, வேடிக்கை காட்டறது."

நான் பெற்றதா இது?

18 ஜனவரி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் ஒரு பாட்டிலையும் மஞ்சள் தாளையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நான் கிளம்பினேன். ஆமாம், திருட்டுத்தனமாகத்தான். வரப்பு வரைக்கும் போய்விட்டேன். இலையைப் பறிக்கக் கையும் நீட்டினேன். அப்புறம் மேரி கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. என் மகளைப் பார்த்து எனக்குப் பயம்! திரும்பி வந்துவிட்டேன். அவமானமான நடைதான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

பத்து மணிக்கு ஊரே கொல்லைமேட்டில். பொன்னுரங்கம் மாடுகளை ஏரில் பூட்டித் தயாராக நிற்கிறார். நான் பாட்டிலை எடுத்தேன். மேரி கையைப் பிடித்தாள். "நீங்க தொடாதீங்கப்பா. நானும் தொடல. பெரியம்மா பறிக்கட்டும்."

ராஜாம்பாளா? மூன்று நாளாக அழுதவள். ஆனால் எழுந்து வந்தாள். தன் கையாலேயே கட்டையிலிருந்து துளிரைக் கிள்ளினாள், பிறகு மேரியின் பயிரில் இலையைப் பறித்தாள். நறுக்கியதும் அவள்தான், பாட்டிலில் போட்டதும் அவள்தான். மேரி பாட்டிலைத் தொடாமலே இரண்டிலும் தழையிலிருந்து விஷத்தை வெளியே கொண்டுவரும் மருந்தை ஒரே அளவு சொட்டவிட்டாள். தாளைத் தொங்கவிட்டு மூடி போட்டாள் ராஜாம்பாள்.

காசிநாதன் ஒரு பீடியைப் பற்றவைத்தார். அது முடிவதற்குள் கட்டைத் துளிரின் தாள் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

மேரியின் பாட்டிலில் தாள் மஞ்சள். மஞ்சளாகவே இருந்தது. நான் அப்போதே பெருமையோடு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன், மடையன். கொஞ்சம் நேரம் போனதும் தாளின் ஓரம் லேசாகச் செம்மஞ்சளாகியது. என் கண்ணுக்கே அது சரியாகத் தெரியவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம்.

"பெரியப்பா, இங்க பாருங்க. இதுலயும் கொஞ்சம் இருக்கு" என்றாள் மேரி. தானாகச் சொன்னாள்!

"பார்த்தியா? இருக்குதுல்ல?" பொன்னுரங்கம் ஏரைப் பிடித்துவிட்டார்.

"இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அது இருக்கங்காட்டிதான் வெட்டுக்கிளி தொடல." பக்கத்துப் பாதியைக் காட்டினாள், நரம்பு மட்டும் நிற்கிற அந்தப் பாதியை. "அதுல விஷத்த எடுத்துட்டோம். என்ன ஆச்சுன்னு நீங்களே பாருங்க. உங்க கட்டை இருக்கே பெரியப்பா, அதை ஒரு தடவை அறுத்தாச்சு. மறுபடியும் துளுக்குது. மழையும் இல்ல. கடிச்சா செத்துடுவோம்னு இருக்கற விஷத்தையெல்லாம் குருத்துலயே வெச்சிருக்குது. செவலை மேல அதுக்கு இன்னா கோவம்?"

கோயம்புத்தூரில் படிக்கிற பெண், கடைசியில் 'இன்னா' என்றாள். என் மகள்தான்.

ராஜாம்பாள் இரண்டு பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "நாந்தாங்க அவுத்து வுட்டேன். ஒரு நாளாச்சும் பச்ச தின்னட்டுமேன்னு..." மேரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ராஜாம்பாளே கணவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஏரை அவுருங்க. இத்தன ஊரு எதிர்ல தனக்கு ஆவாதத தானே சொல்லுதே இந்தப் பொண்ணு, இதும் பயிரயா உழுவீங்க?"

பொன்னுரங்கம் ஏரிலிருந்து கையை எடுத்தார். நுகத்தடியைக் கழற்றினார். வீட்டுக்குப் போகும்போது விலகியிருந்த முள்ளை இழுத்து வேலியை அடைத்துவிட்டுப் போனார்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்பத்திநாலு வயசுல இத்தன சந்தோஷத்த எங்க வெக்கறது?

21 ஜனவரி

தேர்தல். ஓட்டுப் போட வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் மஞ்சள் தாள் கதையைச் சொன்னேன். பின்னால் நின்றவர் முன்பே கேட்டுவிட்டாராம். மறுபடியும் சொன்னேன்.

19 பிப்ரவரி

கதிர் அறுப்பு. ராஜாம்பாள் யாரும் கூப்பிடாமல் அரிவாளோடு வந்து நின்றாள். பொன்னுரங்கம் களத்தில் மணியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார், வாயில் போட்டு மென்றார். "இதுல விஷம் இல்லியே பாப்பா?" என்றார். "மணியில பயமில்ல பெரியப்பா" என்றாள் மேரி. "அப்ப எனக்கு ஒரு மரக்கா விதை குடு. வெட்டுக்கிளிக்குத் தீனி போட்டு எனக்கு மாளல."

என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் போகும்போது வெற்றிலைப் பையை என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

3 மார்ச்

மேரியோடு பஸ் ஏறி மலைக்குப் போய்ச் செவ்வந்திக்கு விதையைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கியதைவிட நிறையவே. "என் சோளம் காலேஜிக்குப் போய்ட்டு வந்துடுச்சா?" என்று சிரித்தாள்.

8 அக்டோபர்

மேரி ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டாள். நன்றி சொல்லும் பக்கத்தில் முதலில் ராஜாம்பாள், பிறகு செவ்வந்தி, பொன்னுரங்கம், ஹைப்போ கொடுத்த காசிநாதன். கடைசியில்தான் நானும் பாத்திமாவும். பெற்ற அப்பனுக்கு இவ்வளவு பின்னால் இடமா என்றேன்.

"பாம்புன்னு சொல்லப் பார்த்தீங்களே" என்றாள்.

பாத்திமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

15 ஜனவரி 1990

மாட்டுப் பொங்கல். பாத்திமாவுடன் மேரியை அழைத்துக்கொண்டு பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனேன். செவலையின் கிடாரி கன்று போட்டிருக்கிறது. கொம்புக்கு வர்ணம் அடித்தாயிற்று, பொங்கல் பொங்கியாயிற்று. ஆனால் ஒரு மாடும் அவிழ்க்கப்படவில்லை. ஊர் மாடு முழுக்கக் கயிற்றில் நிற்கிறது.

கொல்லைமேட்டு வேப்பங்கிளையில் ஒரு கண்ணாடி பாட்டில் தொங்குகிறது. போன வருடம் மேரி மஞ்சள் தாளோடு கொடுத்துவிட்டுப் போனது. இந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருக்கிறது, கட்டை பச்சைப்பசேலென்று துளிர்த்திருக்கிறது. ராஜாம்பாள் அதிலிருந்து கிள்ளி நறுக்கிப் போட்டு, பாட்டிலின் கழுத்துக்குக் குங்குமமும் வைத்திருக்கிறாள்.

பொன்னுரங்கம் வேகமாக என்னிடம் வந்தார். வழக்கம்போல் கைப்பையை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க. டாக்டரம்மா எங்க? தாளு நெறம் மாறிடுச்சி, வந்து பாக்கச் சொல்லுங்க."

மேரிக்குப் பட்டம் பங்குனியில்தான். நான் திருத்தவில்லை.

அவள் போய்ப் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னிக்கு வேணாம் பெரியப்பா" என்றாள். பொன்னுரங்கம் மறுபேச்சுப் பேசாமல் மாடுகளின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். ராஜாம்பாள் கிடாரிக்குக் கரும்பைக் கடித்துக் கடித்து ஊட்டினாள். துளிர் அதன் பாட்டுக்குக் காற்றில் ஆடிக்கொண்டு நின்றது.

அடுத்த கொல்லையிலிருந்தும் ஆள் வந்துவிட்டது, டாக்டரம்மாவைத் தேடிக்கொண்டு. மேரி முன்னால் நடந்தாள். பாட்டில்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.